கேரவனில் கொண்டுபோன தண்ணீர்

நசரத்பேட்டை சிக்னலில் நேற்று ஒரு கேரவனுக்குப் பின்னால் நின்றேன். உன் வீட்டு வண்டி இல்லை. வேறு யாருடையதோ, படப்பிடிப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தது போலும். அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்த நேரம் முழுவதும் ரோட்டில் ஒரு ஈர வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அது நல்ல தண்ணீர்த் தொட்டியா, கழிவுத் தொட்டியா என்றுதான் முதலில் யோசித்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, வாடை இல்லை. நல்ல தொட்டிதான், வடிகால் குழாயில் வாஷர் போயிருக்கும். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தி, "இன்னாமா, இங்கியே ஊடு கட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார்.

போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இது உனக்குப் போய்ச் சேரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீ போன பிறகு நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டும். அதைக் கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.

கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் நமக்கு ஒரே மேசை. நான் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவள். நீ பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வந்து போனவள். உன் பேச்சு முதல் மாதம் முழுக்க எனக்குப் பாதிதான் புரிந்தது. பட்டம் வாங்கியதும் உனக்குக் கல்யாணம் ஆனது. நான் மேலே படித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உன் வீட்டுக்காரர் சினிமாப் படப்பிடிப்புகளுக்கு கேரவன் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கினார். திருமழிசையில் உங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த காலி மனையில் வண்டிகள் நின்றன. "நடிகருங்க உக்காந்து முட்டை தின்ற வண்டி. நான் ஒரு நாள் கூட அதுல படுத்ததில்லடி சயின்டிஸ்ட்டு" என்பாய். என்னை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

பிறகு உன் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டன. உன் வீட்டுக்காரர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க நீ சாப்பிட்ட மாத்திரைகள், எந்தக் கிருமியையும் எதிர்க்கத் தெம்பில்லாதபடி உன்னை வைத்திருந்தன. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அதுவும் சுத்தமான தண்ணீராக இருக்க வேண்டும். ஆவி பறக்கிற சாப்பாடுதான் சாப்பிட வேண்டும். வெளிக் கழிப்பறைகள் கூடாது. இதை உன் பிறந்த வீட்டுப் பக்கம் யாருக்கும் நீ சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் "வயித்துல ஒரு ஆப்பரேஷன்" என்பதுதான்.

முக்கியமாக உன் அக்காவுக்குத் தெரியக் கூடாது என்றாய். வந்தவாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அந்த ஒரே அக்காவோடு நீ பேசாமல் இருந்ததற்கு ஒரு கல்யாணப் பத்திரிகை காரணம். அவள் மகளின் கல்யாணத்துக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க உன் வீட்டுக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தாள். நீ கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததோடு நிற்காமல், வேறொரு விசேஷத்தில் உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இனிமே அவ ஊட்ல நான் கை நனைச்சா என் பேர மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டாய். அது அன்றைக்கே அவள் காதுக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால் அங்கே சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எனக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளைச் சண்டையாகத் தெரிந்தது. சொன்னேன். "ஒனக்கு அக்கா இல்ல. அதான் சிரிக்கற" என்றாய்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உனக்கு அந்தப் பிடிவாதம் போய்விட்டது. அக்கா வீட்டுக்குப் போக வேண்டும், அவள் கையால் ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும், அதோடு அந்தப் பேச்சு முடிய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாய். ஆனால் நோயைச் சொல்லிப் போகக் கூடாது. "கிட்னி போச்சுன்னு தெரிஞ்சா ஓடியாந்து கட்டிப் புடிச்சிப்பா. அது எனக்கு வேணாம். நான் சும்மா போவணும். தங்கச்சியா போவணும்."

பஸ்ஸிலோ காரிலோ போக முடியாது, வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது? உன் கேரவனே போதும் என்று நீதான் கண்டுபிடித்தாய். கழிப்பறை, குழாய், படுக்கை எல்லாம் அதில் இருந்தன. பழகிப் பார்க்க ஒரு நாள் மனையிலேயே வண்டிக்குள் இருந்து, அதன் குழாய்த் தண்ணீரைக் குடித்தாய். மறுநாளே வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னொரு முறை இப்படி நீர் வற்றினால் அந்தச் சிறுநீரகம் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். படுக்கையிலிருந்து எனக்கு போன் செய்து நீ கேட்டது: "அது கேன் தண்ணிடி. ஒண்ணொண்ணா கேன் வாங்கி டேங்க்ல ஊத்தச் சொன்னேன். அதுல எப்புடி வரும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் திருமழிசைக்கு வந்தேன். இந்தப் பகுதியில் எல்லோருக்கும் கேன் தண்ணீர்மேல் இருக்கும் பக்தி உனக்கும் இருந்தது. கேனுக்குள் மூடியிருக்கும்வரை அது நல்ல தண்ணீர்தான். ஆனால் அதில் குளோரின் கிடையாது. வெயிலில் காய்கிற வண்டியின் தொட்டிக்குள், ஏற்கெனவே பாசி பிடித்த சுவருக்குள் ஊற்றிவிட்டால், கிருமியைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை. குளோரின் வாடை அடிக்கிறது என்று நீ ஒதுக்கிய லாரித் தண்ணீரே அதற்குத் தேவலாம். இதைச் சொன்னபோது நீ என்னை நம்பவில்லை. உன் வீட்டுக்காரரைப் பார்த்து, "சயின்டிஸ்ட்டு நம்மள லாரித் தண்ணி குடிக்கச் சொல்லுது" என்றாய்.

தொட்டியை வடித்து, மூடியைத் திறந்து கையை விட்டேன். உள்சுவர் வழவழவென்றிருந்தது. தண்ணீர் நிரப்புகிற பச்சை ஹோஸ் எங்கே என்று கேட்டேன். உன் வீட்டுக்காரர் காட்டினார். கழிவுத் தொட்டியின் வாய்க்குக் கீழே, சேற்றில் சுருண்டு கிடந்தது.

"கழிவு டேங்கைக் கழுவறது எதுல?"

"அதே ஹோஸ்தான் மேடம். தண்ணி தானே வருது அதுல, வேற இன்னா வருது?"

நீ படியில் உட்கார்ந்திருந்தாய். தலையில் அடித்துக்கொண்டு, "யோவ், கிட்னியக் குடுத்துட்டு கூடவே கக்கூசு தண்ணியும் குடுத்திருக்கியே" என்றாய். அவர் முகம் செத்துவிட்டது. நீ சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார்.

குடிநீருக்கென்று தனியாக ஒரு வெள்ளை ஹோஸ் வாங்கினோம். முனை மண்ணில் படாதபடி மூடி போட்டு, ஆணியில் மாட்டி வைத்தோம். படியோரம் கால் கழுவ ஒரு குழாய் இருந்தது. யாரும் பயன்படுத்தாமல் அடைத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கிளைக் குழாய்க்குள் எத்தனையோ காலமாகத் தண்ணீர் நகராமல் நின்றிருந்தது. அதை வெட்டி எடுக்கச் சொன்னேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்பினோம். சமையல் மேடை, கழிப்பறை, ஷவர், சுடுநீர் என்று ஒவ்வொரு குழாயாகத் திறந்து, அந்த வாடை வந்து சேரும்வரை காத்திருந்து மூடினோம். மறுநாள் வரை அப்படியே விட்டு, பிறகு வாடை மட்டுப்படும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசினோம். ஷவர் தலையைப் புதிதாக மாற்றினோம். அதிலிருந்து தெறிக்கிற தூவானம்கூட உன் நுரையீரலுக்கு ஆகாது.

பிறகு சோதனைப் புட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். கிருமி இருந்தால் கறுக்கும். கறுத்தது. நீ புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "டிகாஷன் நல்லா எறங்கி கீது" என்றாய். என்னால் சிரிக்க முடியவில்லை. மறுபடி எல்லாவற்றையும் செய்தோம். சுடுநீர்க் கலத்தை நாங்கள் முழுதாக வடிக்காமல் விட்டிருந்தது இரண்டாம் முறைதான் தெரிந்தது. அதற்குப் பிறகு புட்டி தெளிவாகவே இருந்தது. நீ ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

"நீச்ச கொளத்துல வாயத் தொறந்தா மாதிரி கீது."

"அந்த வாடை இருக்கிறவரைக்கும்தான் உனக்கு நல்லது" என்றேன்.

மழைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் கிளம்பினோம். உன் வீட்டுக்காரர் ஓட்டினார். நடிகைகள் ஒப்பனைக்கு உட்காரும் நாற்காலியில் நீ உட்கார்ந்து, கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளையெல்லாம் போடச் சொன்னாய். காஞ்சிபுரம் தாண்டும்வரை அந்த வெளிச்சத்தில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். மாத்திரைகளால் உப்பியிருந்த முகம். "குண்டாயிட்டேன்னு நெனச்சிப்பா. நெனச்சிக்கட்டும்" என்றாய்.

வழியில் நான் உன்னிடம் விதிகளைச் சொன்னேன். சூடான காபி, டீ குடிக்கலாம். அப்போது வடித்த சோறு சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் நம் பாட்டிலில் இருப்பதுதான். நீ தலையாட்டினாய். காபி ஒன்று போதும், கை நனைத்ததாக ஆகிவிடும் என்று நாம் இருவருமே நினைத்தோம். காபிக்கு முன்னால் என்ன வரும் என்று நினைக்கவில்லை. வாசலில் வந்து நிற்பவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். எந்த வீட்டிலும் அப்படித்தான். நீயும் நானும் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். குழாய், தொட்டி, ஹோஸ் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அது நம் கண்ணுக்குப் படவில்லை.

உன் அக்கா ஓடிவந்தாள். உன்னைப் போலவே உயரம், உன்னைப் போலவே பேச்சு. அவளுக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"வாடி. இன்னாடி வண்டி இது, தேராட்டம்? உள்ள ஊடே கீதாமே?"

"ஊடுதான்க்கா. குளிக்கற ரூமு, கக்கூசு, அடுப்பு, எல்லாம் கீது."

"அப்ப ஏன் ஊட்டுக்குள்ள வர்ற? அதுலயே இரு" என்று சிரித்தபடி உள்ளே போனவள், பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். உன் கையில் கொடுத்தாள். மேசைமேல் வைக்கவில்லை, வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உன் கையில் கொடுத்தாள்.

நீ வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாய். கொல்லைப்புறக் கிணற்றை நான் வரும்போதே பார்த்திருந்தேன். மேலே வலை இல்லை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினேன். யாருக்கும் தெரியாதபடி ஆட்டியதாகத்தான் நினைத்தேன். நீ சொம்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாய். பிறகு, "அப்பறம் குடிக்கறேன்க்கா" என்று ஜன்னல் விளிம்பில் வைத்தாய். அந்த நேரம் பார்த்து உன் போனில் மாத்திரைக்கான அலாரம் அடித்தது. பழக்கத்தில் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மாத்திரையைப் போட்டுக் குடித்தாய்.

அக்கா பாட்டிலைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள்.

"தண்ணி கூட ஊட்லேந்து எட்த்தாந்துட்டியா."

"இல்லக்கா, அது வந்து..."

"எதுக்கு இழுக்கற? அத்தினி பேர் முன்னாடி சொன்னவதான நீ. சொன்ன சொல்லு தவறாதவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

நீ வாயைத் திறந்தாய். நான் பேசட்டுமா என்பதுபோல உன்னைப் பார்த்தேன். வேண்டாம் என்று இந்த முறை நீ தலையாட்டினாய். உன் வீட்டுக்காரர் வண்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அடுப்படியில் சத்தமே கேட்கவில்லை. காபி வரவில்லை. நாம் கிளம்பும்போது அக்கா உனக்குக் குங்குமமும் பூவும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த எந்தச் சுமங்கலிக்கும் கொடுப்பதுபோலக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் நீ பல்புகளைப் போடச் சொல்லவில்லை. காஞ்சிபுரம் தாண்டியதும் ஒன்றே ஒன்று சொன்னாய். "கையில குடுத்தாடி. பத்திரிகைய போன்ல அனுப்புனவ, தண்ணிய கையில குடுத்தா."

அக்காவுக்கு போன் செய்து நானே விளக்குகிறேன் என்றேன். அப்படிச் செய்தால் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாய். பொங்கல் கழித்துத் திரும்பப் போகலாம், நேராக அடுப்படிக்குப் போய் நீயே காபி போட்டுக் குடிப்பது என்று திட்டம் வைத்திருந்தாய். நல்ல திட்டம். ஐப்பசி மழையில் மனை முழுக்கத் தண்ணீர் நின்றது. வடிந்ததும் நான் மறுபடி தொட்டியைக் கழுவி, புட்டியில் பிடித்துப் பார்த்துத் தயாராக வைத்தேன். மார்கழியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் ஆரம்பித்து எங்கெங்கோ பரவியது. தண்ணீரால் வந்ததில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நானும் அவர்களைக் கேட்டு, அறிக்கைகளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். தண்ணீரால் இல்லைதான். அதனால் எனக்கு என்ன ஆறுதல் என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது உன் கருமாதி நாளில் நடந்தது.

வெளியூர் உறவுக்காரர்களுக்காக உன் வீட்டுக்காரர் கேரவனைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். முதல் நாளே நான் வந்து தொட்டியை நிரப்பி, குளோரின் அளவு பார்த்திருந்தேன். அதைத் தவிர எனக்கு அங்கே செய்ய ஒன்றும் தெரியவில்லை. உன் அக்கா வந்தாள். பந்தலுக்கு உள்ளே வராமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுபோனார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அவ என் ஊட்ல குடிக்கல. நான் அவ ஊட்ல குடிக்க மாட்டேன். அழுதுட்டுப் போறேன், வுடு."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லக் கூடாது என்று நீ வாங்கிய சத்தியம் எனக்கு ஞாபகம் இருந்தது. அதைக் காப்பாற்றினேனா என்று கேட்க நீ இருந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பரேஷன் என்ன ஆப்பரேஷன் என்பதை, மாத்திரைகளை, தொட்டியை, புட்டி கறுத்ததை, அந்தச் சொம்பை. முடித்ததும் அவள் கேட்டாள்.

"கிட்னி யாரு குட்த்தது?"

"அவர்தான்."

"என்னிய ஏன் கேக்கல? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? கூடப் பொறந்தவளோடது சேராதா?"

சேர்ந்திருக்கலாம். ஒருவேளை இன்னும் நன்றாகவே சேர்ந்திருக்கலாம். எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். அவள் தெருமுனையில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"அந்த வண்டில இப்ப தண்ணி கீதா?"

"இருக்குக்கா."

எழுந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். படியேறி உள்ளே போய், சமையல் மேடைக் குழாயைத் திறந்து, கையைக் குவித்துப் பிடித்துக் குடித்தாள். முகம் சுருங்கியது.

"சீ. இன்னா வாடை. இத்தயா குடிச்சிகினு இருந்தா?"

"ஆமாக்கா."

"எப்பவுமா?"

"அவளுக்குன்னு இப்படித்தான் வச்சிருந்தோம்."

அவள் மறுபடி கையைக் குவித்துப் பிடித்தாள். வயிறு முட்டக் குடித்தாள். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன் வீட்டுக்குள் போய் முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நீதான் இல்லை.

போகும்போது என்னிடம் சொன்னாள்: "நீ ஒரு நாள் ஊட்டுக்கு வா. அந்த வண்டி வேணாம். பஸ்ல வா."

நான் இன்னும் போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், போனால் முதலில் தண்ணீர் வரும். அந்தக் கிணற்றுத் தண்ணீர் என்னை ஒன்றும் செய்துவிடாது. உன்னைத்தான் செய்திருக்கும். அன்றைக்குத் தலையை ஆட்டியது சரிதானா என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சரி என்றுதான் வருகிறது. நாளைக்கே நீ அந்தச் சொம்போடு என் பக்கம் திரும்பினாலும் மறுபடி அப்படித்தான் ஆட்டுவேன். தப்பு என்று வந்தாலாவது அழுது தீர்த்துவிடலாம். சரி என்று வருவதால்தான் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

உன் அக்கா இரண்டு கையாலும் சொம்பை நீட்டுவாள். எனக்கு அது, அன்றைக்கு உனக்கென்று கொண்டுவந்த தண்ணீராகத்தான் இருக்கும். அதை வாங்கி, அண்ணாந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் குடித்து முடிக்க வேண்டும்.